ஏப்ரலில் வேண்டும் நீர்: லடாக் பயணக் குறிப்புகள்

முதல் நாள், ஏப்ரல் 24: லே

விமானம் சிந்து நதிப் பள்ளத்தாக்கில் தாழ்ந்து இறங்கும்போது மலைகள் பழுப்பாகவும் சாம்பலாகவும் விரிந்தன. உச்சிகளில் மட்டும் வெண்மை ஒட்டிக்கொண்டிருந்தது. ஊர்களைச் சுற்றி நிற்கும் பாப்லர் மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை. வயல்கள் வெறும் மண்ணாகக் கிடந்தன. பயணிகள் கூட்டம் கூட்டமாக வருவது ஜூன் மாதத்துக்குப் பிறகுதான். நான் ஏப்ரலைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்த மலைநாட்டு உழவர்கள் ஆண்டிலேயே மிகுந்த கவலையோடு நீரை எதிர்பார்த்திருக்கும் வாரங்கள் இவைதாம்.

லே நகரம் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓர் ஆண்டு முழுவதும் இங்கே விழும் மழையும் பனியும் சேர்ந்து 100 மில்லிமீட்டர் அளவுதான். அந்த மழையை நம்பி ஒரு பிடி தானியமும் விளையாது. பார்லி, கோதுமை, பட்டாணி, ஆப்ரிகாட், விலங்குகளுக்கான புல் ஆகிய அனைத்துமே மேலேயிருக்கும் பனி உருகி இறங்கும் ஓடைகளால் வாழ்கின்றன. மத்திய லடாக்கின் பனியாறுகள் பெரியவையும் அல்ல. அவற்றில் பெரும்பாலானவை ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான பரப்புடையவை. 5,000 மீட்டருக்கு மேல், நிழல் விழும் வடக்குச் சரிவுகளில் ஒண்டிக் கிடப்பவை. அவ்வளவு உயரத்தில் இருப்பதால் ஜூன் வரும் வரை அவை பெரிதாக உருகுவதில்லை. விதைப்புக்கோ ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் நீர் வேண்டும். இந்த இடைவெளியை முன்பெல்லாம் நிரப்பியது, குளிர்காலத்தில் தாழ்ந்த சரிவுகளில் விழுந்து வசந்தத்தில் முதலில் கரையும் பருவப் பனி. அந்தப் பனிதான் இப்போது நம்பத்தகாததாகிவிட்டது.

நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மையாரை எல்லோரும் ‘அமா-லே’ என்று அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைக்கத் தொடங்கிவிட்டேன். இந்தக் குளிர்காலத்தில் முற்றத்துப் பனியைத் தள்ள மண்வாரியை இரண்டு முறைதான் எடுத்தேன் என்றார்.

இரண்டாம் நாள், ஏப்ரல் 25: லே

உயரத்துக்கு உடல் பழகும் வரை நடமாடக் கூடாது என்பதால் பகல் முழுவதும் வீட்டிலேயே இருந்தேன். இந்த வீட்டின் பழைய கழிப்பறையில் ஒரு துளி நீர்கூடத் தேவைப்படுவதில்லை. மேல்மாடித் தரையில் ஒரு திறப்பு இருக்கிறது. பயன்படுத்திய பின் மூலையில் குவித்திருக்கும் மண்ணையும் சாம்பலையும் மண்வாரியால் தள்ளிவிட வேண்டும். கீழ்த்தளத்தில் மட்கிச் சேர்வது வசந்தத்தில் உரமாக வயலுக்குப் போகிறது. குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்து வெடிக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

2011 கணக்கெடுப்பின்படி லடாக்கின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,74,000. 2022ஆம் ஆண்டில் மட்டும் இங்கு வந்த பயணிகள் 5 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்காக எழுந்த விடுதிகள் நீர் ஊற்றும் கழிப்பறைகளைக் கட்டின. அவற்றுக்காக ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. நானும் அத்தகைய பயணிகளில் ஒருவனாக எண்ணப்படுகிறவன்தான் என்பதை இங்கே இருக்கும் நாள்களில் மறக்காமலிருக்க விரும்புகிறேன்.

மூன்றாம் நாள், ஏப்ரல் 26: நங்

லேயிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில், ஒரு பக்கப் பள்ளத்தாக்கில் நங் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊரின் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் சுர்போன் எனக்காகக் காத்திருந்தார். சுர்போன் என்பது நம் ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி, நீராணிக்கர் என்று வழங்கிய அதே பொறுப்புதான். எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு நேரம் நீர் போக வேண்டும் என்பதை அவர் முடிவு செய்வார். அதை யாரும் மீறுவதில்லை. பெரிய வாய்க்காலை யுரா என்கிறார்கள். இரவில் வரும் நீரைத் தேக்கிவைத்துப் பகலில் திறந்துவிடும் குளத்துக்கு ஸிங் என்று பெயர். மடைக்குக் கதவு கிடையாது. ஒரு கல், அதைச் சுற்றி ஒரு வெட்டுப் புல்தரை, கிழிந்த துணி ஒன்று, இவ்வளவுதான். மண்வாரியால் ஒரே தள்ளு தள்ளினால் மடை திறக்கும். இன்னொரு தள்ளில் அடையும்.

ஸிங்கின் கரையில் நின்று பார்த்தோம். அடியில் ஒரு முழம் நீர்கூட இல்லை. வெடித்த சேற்றின் மேல் மெல்லிய பனித்தகடு ஒன்று கிடந்தது. சுர்போன் குனிந்து ஒரு துண்டைப் பெயர்த்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதற்குள் காற்றுக்குமிழ்கள் வரிசை வரிசையாக நின்றன. ‘இரவில் உறைகிறது, பகலில் கரைகிறது, ஆனால் கூடவில்லை’ என்றார்.

விதைப்பு நாளை இங்கே இரண்டு பேர் தீர்மானிக்கிறார்கள் என்று அவர் விளக்கினார். ஒருவர் ஓன்போ எனப்படும் சோதிடர். மற்றொன்று வெயில். முன்னோர் சில இடங்களில் நட்டுவைத்த கல்லின் மேலோ, அடையாளம் வைத்த பாறையின் மேலோ கதிரவனின் ஒளி எந்த நாளில் படுகிறது என்பதைப் பார்த்து உழவைத் தொடங்குவது பழைய வழக்கம். கல்லும் கதிரவனும் இடம் மாறவில்லை. அந்த ஒளி வந்து விழும் நாளில் ஓடையில் இருக்க வேண்டிய நீர்தான் வருவதில்லை. சில நாள்கள் காத்திருந்து விதைக்கலாமே என்று நான் கேட்டேன். இங்கே ஓர் ஆண்டில் ஒரே ஒரு போகம்தான். செப்டம்பரில் உறைபனி திரும்பிவிடும். மே மாதத்தைத் தவறவிட்ட பார்லி மணி பிடிப்பதற்கு முன் கருகும் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். கேள்வியைக் கேட்டதற்காக எனக்குச் சற்று வெட்கமாக இருந்தது.

பிறகு மேலே ஏறினோம். மூச்சு வாங்க நின்று நின்று ஒரு மணி நேரம் நடந்தபின், பள்ளத்தாக்கின் குறுக்கே படிப்படியாகக் கட்டிய கருங்கல் சுவர்கள் தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால் வெளிர்நீலத்தில் பனி அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. இது மனிதர் கைகளால் உறையவைத்த பனி. இந்த முறையை உருவாக்கியவர் செவாங் நோர்ஃபெல் என்னும் லடாக்கியப் பொறியாளர். அரசுப் பணியில் ஊரூராகச் சுற்றியபோது எங்கும் ஒரே முறையீட்டைக் கேட்டவர் அவர். குளிர்காலத்தில் குழாய்கள் உறைந்துவிடாதிருக்க அவற்றைத் திறந்தே வைத்திருப்பார்கள். அப்படி வீணாக ஓடிய நீர், மர நிழலில் வேகம் தணிந்த இடத்தில் உறைந்து கட்டியாவதை அவர் கவனித்தார். வேகமாக ஓடுகிற நீர் எளிதில் உறையாது. அதை மெதுவாக்கி, நிழலில் பரப்பினால் உறையும். 1987இல் ஃபுக்சே என்னும் ஊரில் முதல் முயற்சியைச் செய்தார். நவம்பர் முதல் யாருக்கும் பயன்படாமல் சிந்துவில் கலக்கும் ஓடைநீரைத் திருப்பி, தாழ்வான சுவர்களுக்குப் பின்னால் மெல்லிய ஏடுகளாகப் படியவைப்பதுதான் வேலை. இயற்கையான பனியாறு 5,000 மீட்டருக்கு மேலே இருக்க, இது ஊருக்கு அருகில், தாழ்வான இடத்தில் இருப்பதால் ஏப்ரல் இறுதியிலேயே கரையத் தொடங்குகிறது. ஒரு பனியாற்றின் நீரைக் கூட்டுவது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. நீர் வரும் நாளை முன்னே இழுத்ததுதான் அவர் செய்தது. 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

பனியின் விளிம்பில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே எங்கோ சொட்டும் ஒலி கேட்டது. வெளியே இன்னும் ஒரு நூல் அளவு நீரும் வரவில்லை. மே முதல் வாரத்தில் திரும்பி வரச் சொன்னார் சுர்போன்.

நான்காம் நாள், ஏப்ரல் 27: ஃபியாங்

நோர்ஃபெலின் பனித்தளங்களுக்கு நிழல் வேண்டும், நல்ல உயரம் வேண்டும். ஊருக்கு அருகிலேயே, வெயிலிலும் நிற்கக்கூடிய பனியை உருவாக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை தேடியவர் லடாக்கியப் பொறியாளர் சோனம் வாங்சுக். 2013–14 குளிர்காலத்தில் ஃபே கிராமத்தில் உள்ள மாற்றுக் கல்வி வளாகத்தில் மாணவர்களோடு சேர்ந்து அவர் கூம்பு வடிவிலான முதல் பனி ஸ்தூபியை எழுப்பினார். அதில் ஏறத்தாழ 1,50,000 லிட்டர் நீர் உறைந்திருந்தது. அது மே நடுப்பகுதி வரை நின்றது. அடுத்த குளிர்காலத்தில் ஃபியாங் மடாலயத்தின் ஆதரவோடு பெரிய ஸ்தூபி எழுந்தது. 2016இல் ரோலெக்ஸ் விருது கிடைத்ததும் உலகமே இந்தக் கூம்புகளைப் பற்றிப் பேசியது.

இதன் இயக்கம் எளிமையானது. ஓடையில் உயரமான ஓரிடத்திலிருந்து நிலத்துக்கடியில் குழாய் பதித்துக் கீழே கொண்டுவருகிறார்கள். மேலிருந்து வரும் நீர், விட்டால் ஏறத்தாழ அதே உயரத்துக்கு எழும்ப முயலும் என்பதால் மின்விசை இல்லாமலே செங்குத்துக் குழாயின் முனையில் நீரூற்றாகச் சிதறுகிறது. இரவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும் குளிர், விழும் துளிகளைத் தரையைத் தொடும் முன்பே பிடித்துக்கொள்கிறது. தட்டையாகப் பரவிய பனியின் முழு மேற்பரப்பும் வெயிலைக் குடிக்கும். கூம்பில் அதே அளவு பனிக்கு வெயில் படும் பரப்பு மிகக் குறைவு. அதனால்தான் சுற்றியிருக்கும் பனியெல்லாம் மறைந்த பின்னும் கூம்பு நிற்கிறது.

இன்று நான் பார்த்த கூம்பு தெற்குப் பக்கத்தில் பாதி சரிந்து, உள்ளே அடுக்கிய முள்கிளைகள் விலா எலும்புகள்போல் வெளியே தெரிய நின்றது. அடிவாரத்தில் ஒரு சிறுவன் வெறும் கைகளால் மண்ணில் கோடு கிழித்து, சொட்டும் நீரை நட்டிருந்த வில்லோ நாற்றுகளின் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கோடும் ஒரு விரல் அகலம். நீர் எட்டிப் பார்த்து, தயங்கி, பின் உள்ளே நுழைந்தது.

குளிர்காலத்தில் இதைக் காவல் காத்த இளைஞர் ஒருவரிடம் நெடுநேரம் பேசினேன். குழாய் உறைவதே பெரிய தொல்லை என்றார் அவர். நள்ளிரவில் கொதிநீரோடு ஓடிப்போய் அடைப்பை எடுக்க வேண்டும். ஓர் இரவு தவறினால் குழாய் முழுவதும் கல்லாகிவிடும். இதைவிட எனக்குக் கவலை தந்தது அவர் சொன்ன இன்னொரு செய்தி. சில இரவுகள் குளிர் போதாமல் நீர் உறையாமலே ஓடிப்போனதாம். பனிக்கூம்பு நீரைப் படைப்பதில்லை. குளிர்கால நீரை வசந்தத்துக்குச் சேமித்துவைக்கிறது. அந்தச் சேமிப்புக்குக் குளிரும் வேண்டும், ஓடையில் நீரும் வேண்டும். இரண்டையும் வெப்பமடையும் வானமே தீர்மானிக்கிறது. இந்த முயற்சிகளை நான் மனமார மதிக்கிறேன். அதனாலேயே இவற்றைத் தீர்வு என்று சொல்லிக் கடந்துபோவது அவற்றைச் செய்தவர்களுக்குச் செய்யும் அநீதியாக எனக்குப் படுகிறது.

ஆறாம் நாள், ஏப்ரல் 29: ஷாம் பகுதி

நேற்றுக் கார்துங் லா கணவாய் வரை போய்வந்தேன். புகைமூட்டும் வண்டிகளின் வரிசையும், சாலையோரப் பனியில் படிந்த கரியும் தவிர எழுதுவதற்கு அதிகம் இல்லை. கரி படிந்த பனி வெயிலைத் திருப்பியனுப்பாமல் உள்வாங்கிக்கொண்டு விரைவாகக் கரையும் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

இன்று சிந்துவின் போக்கிலேயே மேற்கே இறங்கி, கல்சே தாண்டி ஸ்குர்புச்சன் பக்கம் வந்தேன். ஷாம் எனப்படும் இப்பகுதி லேயைவிடத் தாழ்ந்தது, வெப்பமானது. சூலி எனப்படும் ஆப்ரிகாட்டின் தாய்மண். கீழ்ச்சரிவுகளில் பூ உதிரத் தொடங்கிவிட்டது. வாய்க்கால்களில் இதழ்கள் மிதந்து போகின்றன. வெள்ளைக் கொட்டை கொண்ட இனிப்பான ரக்சே கார்போ என்னும் வகைக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

ஒரு தோட்டத்தில் முதிய பெண்மணி ஒருவரைச் சந்தித்தேன். ‘அபி-லே’ (பாட்டி) என்று வணங்கியதும் என் கையைப் பிடித்துக் கிளை ஒன்றின் அருகே இழுத்துப்போனார். பார்வைக்கு எல்லாப் பூவும் ஒன்றுபோலவே வெண்மையும் இளஞ்சிவப்புமாக இருந்தன. அவர் நகத்தால் ஒரு பூவை நீளவாக்கில் பிளந்தார். நடுவில் பச்சையாக இருக்க வேண்டிய சூல்தண்டு கருத்துச் சுருங்கியிருந்தது. இன்னொன்றைப் பிளந்தார், அதுவும் கருப்பு. ஐந்தாவது பூவில்தான் பச்சை தெரிந்தது. இதழ்களுக்கு ஒன்றும் நேரவில்லை. காயாக வேண்டிய உயிர் மட்டும் உறைபனியில் செத்திருக்கிறது. மார்ச் மாதம் வெதுவெதுப்பாக இருந்ததால் மரங்கள் முந்திக்கொண்டு மொட்டு விட்டன. ஏப்ரலில் வழக்கம்போல் ஓர் உறைபனி இரவு வந்தது. பழைய நாள்களிலும் இப்படி உறைபனி இரவுகள் வந்ததுண்டு. அப்போது மொட்டுகள் மூடிக் கிடந்தன.

வெப்பம் கூடியதால் நன்மையே இல்லையா என்றால், அப்படிச் சொல்வது நேர்மையாகாது. முன்பு ஆப்பிளே விளையாத மேட்டு ஊர்களில் இப்போது ஆப்பிள் கன்று நடுகிறார்கள். காய்கறிகளுக்குக் கூடுதலாகச் சில வாரங்கள் கிடைக்கின்றன. மலைச்சரிவில் பயிர்கள் ஏறுவதுபோல் அவற்றின் பகைவர்களும் ஏறுகின்றன. ஆப்பிளையும் ஆப்ரிகாட்டையும் குடையும் காட்லிங் அந்துப்பூச்சியின் பெயரைச் சொன்னாலே இங்குள்ள தோட்டக்காரர்களின் முகம் மாறுகிறது. அந்தப் பூச்சிக்கு அஞ்சியே லடாக்கின் புதுப்பழம் நெடுங்காலம் வெளிச்சந்தைக்குப் போக முடியாமல் இருந்தது. வெயில் நாள்கள் கூடினால் ஒரே கோடையில் அது இன்னொரு தலைமுறை பெருகும். கூடுதல் வாரங்களுக்குக் கூடுதல் பாசனமும் வேண்டும். அந்த நீர் எங்கிருந்து வரும் என்பதற்கு யாரிடமும் விடை இல்லை.

எட்டாம் நாள், மே 1: கியா

மணாலிச் சாலையில் 4,000 மீட்டருக்கு மேலே கியா. இதுவரை நீர் வராத கதைகளையே எழுதிவந்தேன். கியாவின் கதை நீர் ஒரேயடியாக வந்ததைப் பற்றியது.

பனியாறு பின்வாங்கும்போது அது முன்பு தள்ளிவந்து குவித்த கல்லும் மண்ணும் அணைபோல் நிற்க, உருகிய நீர் அதற்குப் பின்னால் ஏரியாகத் தேங்குகிறது. அந்தக் கரையின் வயிற்றுக்குள் பழைய பனிக்கட்டிகள் புதைந்து கிடக்கும். வெப்பத்தில் அவை கரைந்தால் உள்ளே வெற்றிடமும் சுரங்கமும் உண்டாகின்றன. 2014 ஆகஸ்டில் கியாவுக்கு மேலேயிருந்த ஏரி அப்படித்தான் கரையின் மேல் வழியாமல், அதன் அடியில் உண்டான வழியே பாய்ந்து இறங்கியது. வயல்கள் கல்மேடாயின; வீடுகளும் பாலமும் சிதைந்தன. ஏரி வெறுமையாகிவிடவில்லை. அது மீண்டும் நிறைந்தது.

ஓடைக்கரையில் வயல் வைத்திருந்த ஒருவர், சுவர்போல் நின்ற கற்குவியலைக் காட்டி, அதற்கு அடியில் தன் பட்டாணி வயல் இருக்கிறது என்றார். ‘இருந்தது’ என்று அவர் சொல்லவில்லை.

லடாக்கின் நினைவில் இதைவிடப் பெரிய காயம் 2010 ஆகஸ்ட் 5 நள்ளிரவை ஒட்டி லேயிலும் சுற்றுப்புறங்களிலும் கொட்டிய மழை. மழையே அறியாத மலைச்சரிவுகள் சேறாக இறங்கின. 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வெயிலில் காயவைத்த செங்கலும், மரக்கழிகளின் மேல் மண் பரப்பிய கூரையும் கொண்ட வீடுகள் குளிருக்கும் வறட்சிக்கும் ஏற்றவை. தொடர்மழையைத் தாங்கும் நோக்கத்தோடு அவை கட்டப்படவே இல்லை. வெப்பமான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்ற பாடப்புத்தக வரியை, இங்கே ஒரு மண்கூரையின் கீழ் அமர்ந்து விரிசலில் வானம் தெரிவதைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள், மே 2: ஸோ கார்

தக்லங் லா கணவாயைக் கடந்து சாங்தாங் மேட்டுநிலத்துக்குள் இறங்கினால் உலகமே வேறாகிறது. மரம் கிடையாது, வேலி கிடையாது. ஸோ கார் உப்பேரியின் வெண்கரை கண்ணைக் கூசவைக்கிறது. ஏரியின் ஓரத்து நன்னீர்ச் சதுப்பில் கருங்கழுத்துக் கொக்குகள் இரண்டு நின்றிருந்தன. 2020இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இந்த இடம் இந்தியாவில் அவை கூடுகட்டும் மிகச் சில இடங்களுள் ஒன்று. சதுப்புக்கு நடுவே நீர் சூழ்ந்த திட்டில்தான் அவை முட்டையிடும். ஏரி உயர்ந்தால் கூடு மூழ்கும். வற்றினால் திட்டு கரையோடு சேர்ந்துவிட, தெருநாய்கள் நடந்தே வந்து முட்டையைத் தின்னும். ஆண்டுக்கு ஓரிரு முட்டைகளே இடும் பறவை அது. ஒரு முழ நீர்மட்டத்தில் ஓர் இனத்தின் ஆண்டுப் பலன் நிற்கிறது.

மாலையில் சாங்பா மேய்ப்பர் குடும்பம் ஒன்று தேநீருக்கு அழைத்தது. யாக் மயிரால் நெய்த ரெபோ என்னும் கூடாரத்துக்குள் புகை நடுத்துளை வழியே மேலேறியது. கூடாரத்தின் முன் ஓர் ஆட்டை மெல்லச் சாய்த்து, இரும்புப் பல் கொண்ட சீப்பால் கழுத்திலிருந்து வயிறு வரை வாரினார் குடும்பத்தலைவர். முரட்டு மயிருக்கு அடியிலிருந்து சாம்பல்நிறப் பஞ்சு சிலந்திவலைபோல் சீப்பில் சேர்ந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார். எடை தெரியவில்லை, சூடு மட்டும் தெரிந்தது. 12 முதல் 15 மைக்ரான் பருமனுள்ள இந்த இழையே பஷ்மினா. ஆடு தன்னைக் கடுங்குளிரிலிருந்து காத்துக்கொள்ள வளர்க்கும் உள்ளாடை அது. குளிர்காலம் இளகினால் அந்தப் பஞ்சு போதிய அளவு வளராது என்ற அச்சம் மேய்ப்பர்களிடம் உண்டு.

புல்லின் நிலைமை இன்னும் கடினம். குளிர்காலப் பனி குறைந்தால் வசந்தத்தில் புல் எழாது. பனி பருவம் தவறி மலையாய்க் குவிந்தால், இருக்கும் புல்லும் அடியில் புதைந்துவிடும். 2013இன் தொடக்கத்தில் அப்படி விழுந்த பனியில் ஆயிரக்கணக்கான ஆடுகள் பட்டினியால் மடிந்தன. அருகிலுள்ள கர்னக் மேய்ப்பர்களில் பெரும்பாலோர் லே நகரின் ஓரத்தில் கர்னக்லிங் என்னும் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். மேய்ச்சல் நிலத்தில் மிகச் சில குடும்பங்களே மிச்சம். பள்ளி, மருத்துவம், சுற்றுலாவில் கிடைக்கும் கூலி எனப் போவதற்குக் காரணங்கள் பல. எல்லாவற்றையும் பருவநிலையின் தலையில் கட்டுவது சரியல்ல. ஆயினும் புல் இருந்த காலத்தில் இந்தக் காரணங்கள் இவ்வளவு வலிமையாக இருக்கவில்லை என்று அந்தத் தலைவர் சொன்னார். அவருடைய மகன் லேயில் வாடகைக் கார் ஓட்டுகிறார்.

பன்னிரண்டாம் நாள், மே 5: சன்ஸ்கார், குமிக்

நிம்முவிலிருந்து சன்ஸ்கார் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே, 2024இல் முழுத் தொடர்பும் பெற்ற புதிய சாலையில் நாள் முழுக்கக் குலுங்கி, சன்ஸ்காரின் முக்கிய ஊரான பதும் வந்து சேர்ந்தேன். இந்த ஆறு உறைந்து பாதையாவதைத்தான் சாதர் என்பார்கள். குளிர்காலத்தில் சன்ஸ்காருக்கு அதுவே வழியாக இருந்தது.

குமிக் சன்ஸ்காரின் மிகப் பழைய ஊர்களுள் ஒன்று. ஊருக்கு மேலேயிருந்த பனிப்பரப்பு ஆண்டுதோறும் சுருங்கி, ஒரே ஓடை பாதிக் கோடையிலேயே வற்றத் தொடங்கியது. யாருடைய வயலைக் காயவிடுவது என்று ஒவ்வோர் ஆண்டும் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்கு முன், ஊரே கூடி, இந்த இடத்தை விட்டு இறங்குவது என்று தீர்மானித்தார்கள். கீழே மர்தங் என்னும் வறண்ட வெளியில், லுங்னக் ஆற்றிலிருந்து பல கிலோமீட்டருக்குத் தாங்களே வாய்க்கால் வெட்டினார்கள்.

மேல்குமிக்கில் இன்று ஒரு வீட்டின் வாசலில் நின்றேன். கதவு பூட்டியிருந்தது, நிலையின் மேல் போன ஆண்டின் பார்லிக் கதிர்களைக் கொத்தாகக் கட்டியிருந்தார்கள். வாய்க்காலில் காய்ந்த இலை. வாய்க்கால் ஓரத்துக் கல் ஒன்றில், மண்வாரி பட்டுப் பட்டு, தலைமுறைகளாக மடை திறந்து மூடியதால் ஒரு வளைந்த தேய்மானம் இருந்தது. அதில் என் கை சரியாகப் பொருந்தியது.

மர்தங்கில் ஒரு பெரியவர், ‘மேமே-லே’ (தாத்தா) என்றேன், தன் புதிய வீட்டைக் காட்டினார். வேரோடு பெயர்ந்தவர்களின் துயரத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு அவர் பெருமையோடு வாய்க்காலைத்தான் முதலில் காட்டினார். பிறகு, நான் கேட்காமலே, ஆற்று நீரும் பனியிலிருந்துதானே வருகிறது என்றார்.

அவர் சொன்னதன் முழுக் கனத்தை இரவில்தான் உணர்ந்தேன். பனியாறு கரையும்போது முதலில் ஆற்றில் நீர் கூடும். ஓர் உச்சத்தைத் தொட்டபின் பனி போதாமல் குறையத் தொடங்கும். சின்னஞ்சிறு பனிப்பரப்புகளை நம்பிய குமிக் போன்ற ஊர்கள் அந்த உச்சத்தை எப்போதோ கடந்துவிட்டன. பெரிய ஆறுகள் பின்னால் வருகின்றன. இந்துகுஷ்–இமயமலைப் பனியாறுகள் 2011–2020 காலத்தில் அதற்கு முந்தைய பத்தாண்டுகளைவிட 65 விழுக்காடு வேகமாகப் பனியை இழந்தன என்று காத்மாண்டுவில் உள்ள ஒருங்கிணைந்த மலை மேம்பாட்டுக்கான பன்னாட்டு மையம் 2023இல் அறிவித்தது. இந்த மலைகளின் நீரைச் சார்ந்து மலையில் 24 கோடிப் பேரும் கீழே சமவெளிகளில் 165 கோடிப் பேரும் வாழ்கிறார்கள். அவர்கள் அனைவரும் இறங்கிப்போகக் கீழே இன்னொரு மர்தங் இல்லை.

பதினைந்தாம் நாள், மே 8: மீண்டும் நங்

நேற்று மாலை சுர்போன் தொலைபேசியில் அழைத்து, ஒரே சொல்லில் ‘சு’ என்றார். லடாக்கி மொழியில் நீர் என்று பொருள். விடியும் முன்பே புறப்பட்டுவிட்டேன்.

ஸிங் முக்கால்வாசி நிறைந்திருந்தது. மேலேயுள்ள கல்சுவர்களின் பின்னிருந்து கரைந்து வந்த நீர் இரவு முழுக்கச் சேர்ந்திருக்கிறது. கரையில் ஊரார் பத்துப் பன்னிரண்டு பேர் மண்வாரிகளோடு நின்றார்கள். பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். முதல் முறை யாருக்கு என்பதைப் பற்றிச் சற்று வாக்குவாதம் எழுந்தது. சுர்போன் எல்லோரையும் பேசவிட்டுக் கேட்டார். பின்பு மேட்டு வயல்களைச் சொன்னார். பேச்சு அதோடு அடங்கியது.

அவர் மடைக்கல்லைப் பெயர்த்தார். கலங்கிய நீர் முதலில் நுரையையும் வைக்கோல் துரும்பையும் தள்ளிக்கொண்டு யுராவில் இறங்கியது. ஒரு மூதாட்டி அதற்கு முன்னால் நடந்தார். நீரின் நாக்கு எங்கே எலிவளையில் இறங்குகிறதோ அங்கே குனிந்து புல்தரைத் துண்டை வைத்து மிதித்தார். வயல் வரப்பை அடைந்ததும் நீர் பரவி, நிறம் மாறி, உடனே மண்ணுக்குள் காணாமல் போனது. மண் சிறிய ஓசையோடு குடித்தது. குடித்து முடித்த இடத்தில் மறுபடி நீர் வந்து, இப்போது கொஞ்சம் தயங்கி நின்று, அடுத்த சாணுக்கு நகர்ந்தது.

இந்த நீர் எத்தனை வயலுக்குப் போதும் என்று கேட்டேன். சுர்போன் வயல்களைப் பார்க்காமல் மேலே சுவர்களுக்குப் பின்னிருந்த பனியைப் பார்த்தார். பிறகு விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கி, ஒரு கையின் விரல்கள் முடிந்ததும் நிறுத்தினார். கீழ்வயலிலிருந்து யாரோ அவருடைய பெயரைச் சொல்லிக் கூவினார்கள். மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பின் வழியே வேகமாக இறங்கிப் போனார்.